மூன்று டப்பா

ஆற்காட்டில் மக்கன் பேடா கட்டுகிறவர் கேட்டார்:
"என்னம்மா விசேஷம், வேலை கிடைச்சிடுச்சா?"
கிடைக்கலை, அதுக்குத்தான் என்றேன்.
ஜீராவுக்குள் கரண்டி ஒரு நொடி நின்றது.
"மூணு டப்பாவையும் இறுக்கி மூடறேன்,
பஸ்ல சாய்ச்சிடாதீங்க."

கிடைத்ததும் நன்றி சொல்லலாம் என்று
ஏழு வாரம் காத்திருந்தேன்.
எட்டாவது வாரம் வந்த பதிலில்
'வருந்துகிறோம்' என் பெயரை முந்திக்கொண்டது.
நன்றி மட்டும் கையில் தங்கிவிட்டது,
சில்லறை இல்லாத கண்டக்டர்
டிக்கெட்டின் முதுகில் எழுதித் தந்த பாக்கி போல.

பாலாற்றுப் பாலம் தாண்டினால் இராணிப்பேட்டை.
தோல் பரிசோதனைக் கூடத்தில் நிஸார் சார்.
அன்று கேட்டபோது
"நீயே எழுதி எடுத்துட்டு வா, கையெழுத்துப் போடறேன்" என்றவர்.
அன்றிரவு சத்துவாச்சாரி மாடி அறையில்
என்னைப் பற்றி நானே எழுத உட்கார்ந்தேன்.
பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா சொன்னதெல்லாம்
வரிசையாக வந்து நின்றது.
உழைப்பாளி. பொறுமைசாலி. மிகவும் நேர்மையானவர்.
அந்த மூன்றாவதைத் தட்டும்போது
யாரோ ஜன்னலில் நிற்பது போலிருக்க
எழுந்து விளக்கை அணைத்தேன்.

சார் படித்தார். பச்சைப் பேனாவைத் திறந்தார்.
'மிகவும்' மேல் ஒரு கோடு.
எனக்குக் காது சுட்டது.
பிறகு ஓரத்தில், சாய்ந்த கையெழுத்தில்:
"மார்ச்சில் குரோமியம் அளவில்
ஒரு புள்ளியை இடம் மாற்றிப் போட்டார்.
நாங்கள் யாரும் பார்க்கவில்லை.
மறுநாள் காலை ஏழு மணிக்கு
கேட்டுக்கு வெளியே நின்று அவரே சொன்னார்.
லாரியைத் திருப்பினோம்."

ஊருக்குப் போன் செய்தால்கூட
நான் சொல்லாமல் தாண்டும் நாள் அது.
வேற தாள்ல தட்டிட்டு வரட்டுமா சார் என்றேன்.
"எதுக்கு? இதுதானே கடிதம்."

இன்று டப்பாவை வாங்கிக்கொண்டு
சர்க்கரை இருக்கு எனக்கு என்று சொல்லிவிட்டு
ரெண்டு சாப்பிட்டார்.

காட்பாடியில் கிருபாவதி மேடம்.
நாற்பது பேருக்கு எழுதியதில் ஒன்று எனக்கு.
கெடு நள்ளிரவு; பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினார்,
மகனுக்குக் காய்ச்சல் நூற்று இரண்டு என்ற குறிப்புடன்.
அந்தக் கடிதத்தின் நாலாவது வரியில் மட்டும்
நான் ஆண்.
இன்றுதான் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.
"ஐயோ, அது போன வருஷத்துப் பையன்!"
அவனுக்குக் கிடைச்சுதா மேடம்?
"அவனுக்கும் இல்ல."
இருவரும் இன்னும் கொஞ்சம் சிரித்தோம்.

வேலைக்கு வெளியே உங்களை அறிந்த ஒருவர்
என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம்.
நாலு நாள் அது காலியாகவே கிடந்தது.
அப்புறம்தான் சுப்ரதோ நினைவுக்கு வந்தார்,
காந்தி ரோட்டில் வங்காள எழுத்துப் பலகை மாட்டிய லாட்ஜில்
கணக்கு எழுதுகிறவர்.
ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கும் யாருக்காவது
ஓ நெகட்டிவ் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்.
மூணு வருஷத்தில் ஆறு தடவை.
என் பெயரை விட ரத்தப் பிரிவு
அவருக்கு நன்றாகத் தெரியும்.

உறையை ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்திட்டு,
"படிக்கக்கூடாது தீதி" என்று நீட்டினார்.
நானும் படிக்கவில்லை.
இப்போது போனால் கவுன்டரில் வேறொரு பையன்.
சுப்ரதோ தா ஊருக்கே போயிட்டார், வர மாட்டார் என்றான்.
டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.
மேலே மூணாம் நம்பரில் மால்டாவிலிருந்து வந்த குடும்பம்,
நாளைக்கு ஆபரேஷனாம்.
கொடுத்துடு என்றேன்.
யார் தந்ததாகச் சொல்ல? என்று கேட்டான்.
சுப்ரதோ என்று சொல்லு.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்ததோ.
வேண்டாமென்றவர்கள்
அதையும் படித்துவிட்டுத்தானே வேண்டாமென்றார்கள்?
பஸ்ஸில் இதை யோசித்தபடி வந்தேன்.

வீட்டில் பையைக் கவிழ்த்தால் அடியெல்லாம் ஜீரா.
துடைக்கத் துணி எடுத்து வருவதற்குள்
எறும்பு வந்துவிட்டது.
மூணாவது மாடிக்கு, இந்த இருட்டில்,
யார் சொல்லி அனுப்பினார்களோ.